பரிவாரம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் தலைப்பும் படக்குறிப்பும் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைப் பார்த்து அனுமதிக்கிற ஆசிரியர்களுக்கும்,

மழை வெள்ளத்தைப் பார்வையிட வந்த ஓர் அமைச்சரின் படத்தைப் போட்டு, "அல்லக்கைகள் புடைசூழ வெள்ளத்தை வேடிக்கை பார்த்த அமைச்சர்" என்று உங்களில் ஒரு நாளிதழ் படக்குறிப்பு எழுதியது. அதே காட்சி சாயங்காலம் ஒரு தொலைக்காட்சியில் "படை பரிவாரங்களுடன் வந்த அமைச்சர்" என்று ஓடியது. விடிவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தில் குடை பிடித்து நிற்கும் ஆளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'தலைமை அல்லக்கை' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டுவிட்டார். வட்டத்துக்குள் நிற்பவர் என் அப்பா.

அவர் ஆட்சியர் அலுவலக டபேதார், ஆட்சியர் அறை வாசலில் நிற்கிற ஊழியர். வெள்ளை உடுப்பு, தோளில் குறுக்கே சிவப்பு டவாலி, அதில் பித்தளை வில்லை என்று உங்கள் புகைப்படக்காரர்கள் எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிற உருவம்தான். அன்றைக்கு அவர் பிடித்திருந்த குடை அமைச்சருக்குக்கூட இல்லை. வீடு இழந்தவர்கள் கொடுத்த மனுக்கள் ஆட்சியர் கையில் இருந்தன, அவை நனையக் கூடாது என்று அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குடையின் சாய்வு தெரியும். அவருடைய இடது தோள் முழுக்க நனைந்திருப்பதும் தெரியும்.

அந்த நாளிதழுக்கு எழுதிக் கேட்டேன். "பொதுவான பொருளில் பயன்படுத்திய சொல், எந்தத் தனிநபரையும் குறிக்கவில்லை" என்று இரண்டு வரிப் பதில் வந்தது. இந்த மடல் அந்தப் பதிலுக்காகத்தான். படக்குறிப்பை அவசரத்தில் எழுதியிருப்பார்கள், இரவுப் பதிப்பு நெருக்கும்போது எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள்தான். ஆனால் நிதானமாக உட்கார்ந்து எழுதிய பதிலிலும் "பொதுவான பொருள்" என்றால், அந்தப் பொதுவான பொருள் என்ன என்று பொதுவிலேயே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

சரி, படத்தையே எடுத்துக்கொள்வோம். அமைச்சர், ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர், ஒரு பொறியாளர், அமைச்சரின் பாதுகாப்புக் காவலர், செய்தி மக்கள் தொடர்புத் துறையின் படக்காரர், அப்பா. இத்தனை பேருக்கும் அந்த இடத்தில் நிற்பதுதான் அன்றைய வேலை. வராமல் இருந்திருந்தால் விளக்கக் குறிப்பாணை வந்திருக்கும். மிச்சம் ஆறு பேர் இருக்கிறார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பைக்குள் தலைவர் படம் வெளியே தெரியும்படி. முகம் படத்தில் விழவேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் தோளை முன்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை யாரும் வரச் சொல்லவில்லை. அதில் ஒருவர்தான் அந்தப் பகுதிக் கால்வாயைத் தூர்வார ஒப்பந்தம் எடுத்தவர் என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சு சரியா தப்பா என்று விசாரிப்பது நிருபரின் வேலை. தூர்வாரின கால்வாய் ஏன் பொங்கியது, அதன் ஒப்பந்தக்காரர் ஏன் அமைச்சரோடு நிற்கிறார் என்பது எவ்வளவு நல்ல செய்தி! அதை விட்டுவிட்டு எல்லாரையும் ஒரே சொல்லில் சுருட்டிப் போட்டீர்கள். அந்த ஆறு பேருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவர்கள் பெயர் வரவில்லை, முகம் மட்டும் வந்தது, அதுதான் அவர்களுக்கும் வேண்டும். வட்டம் விழுந்தது உடுப்பு போட்டவர் மேல். கூட்டத்தில் எளிதில் அடையாளம் தெரிகிறவர் அவர்தானே.

என் புகார் இதுதான். பரிவாரம், அல்லக்கை, எடுபிடி, அடிப்பொடி என்று நீங்கள் பொதுவாகச் சொல்லும்போது, அம்பலப்பட வேண்டியவர் அந்தச் சொல்லுக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்கிறார், சம்பந்தமே இல்லாதவர் அவமானப்படுகிறார். தமிழ்ப் பற்று, மரியாதை எல்லாம் அப்புறம். முதலில் இது செய்தியாகவே தேறாது.

இப்போது 'பரிவாரம்' என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் "அல்லக்கை வேண்டுமானால் கொச்சை, பரிவாரம் கௌரவமான சொல்தானே" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். கௌரவமான சொல்தான், மறுக்கவில்லை. வடமொழியிலிருந்து வந்தது. சூழ்ந்திருப்பது, மூடியிருப்பது என்பது அடிப்படைப் பொருள். வடமொழி அகராதிகளில் வாளின் உறைக்கும் ஊரைச் சுற்றிய வேலிக்கும்கூட இந்தச் சொல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் சூழ்ந்து நிற்கும் ஏவலாளர் என்ற பொருளோடு படை என்ற பொருளும் இருக்கும். நாம் 'படை பரிவாரம்' என்று சேர்த்துச் சொல்வதும் அப்படி வந்ததுதான். இந்தியில் இதே சொல் குடும்பம் என்ற பொருளுக்குப் போய்விட்டது. அந்த இந்திச் சொல்லை ஓர் அமைப்பின் பெயரோடு நீங்கள் அப்படியே தமிழில் எழுதி எழுதி, இப்போது தமிழ் வாசகருக்குப் பாதிச் சமயம் குடும்பமா, கூட்டமா, படையா என்று குழப்பம். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒரு சொல் இத்தனை திசையில் இழுபட்டுக் கிடக்கும்போது அதைப் படக்குறிப்பில் போட்டால் என்ன புரியும் என்றுதான் கேட்கிறேன்.

பரிவாரம் என்ற சொல் இன்றைக்கும் சுத்தமாகப் புழங்குகிற இடம் கோயில். பரிவார தெய்வம் என்கிறோம், பரிவார மூர்த்தி என்கிறோம். முற்காலச் சோழர் கோயில்களில் நடுவில் மூலவர், சுற்றிலும் எட்டுப் பரிவார ஆலயங்கள் என்று கட்டுகிற வழக்கம் இருந்தது. சூரியன், சந்திரன், கணபதி, முருகன், ஏழு கன்னியர், சேட்டை என்கிற மூதேவி, சண்டிகேசுவரர், நந்தி என்று பெரும்பாலும் வரும். புதுக்கோட்டை நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரத்தைச் சுற்றி அந்தச் சின்னச் சின்னக் கோயில்களில் பல இப்போதும் நிற்கின்றன, போனால் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'பரிவாராலயத்துப் பிள்ளையார் கணபதியார்' என்று தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ராசராசன் கோயிலில்கூடப் பரிவாரம் என்றால் இன்னார் இன்னார் என்று கணக்கு இருந்தது. பிள்ளையாரைச் சிவபெருமானின் அல்லக்கை என்று எழுத யாருக்காவது துணிச்சல் வருமா?

அதிலும் சண்டிகேசுவரரைப் பாருங்கள். பரிவாரத்தில் ஒருவர், ஓரமாக ஒரு சின்ன சன்னதி. ஆனால் சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும் அவர் பெயரில்தான் நடந்தது. கல்வெட்டுகளில் அவரைச் சிவனின் மூலப் பணியாளாகவே எழுதினார்கள், கோயில் சொத்துக்கு அவரே பொறுப்பு. இன்றைக்கும் அவர் சன்னதியில் கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருகிறோம், கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று. கணக்குக் கேட்கிற ஆள் பரிவாரத்திலிருந்துதான். ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் இன்னும் வேடிக்கை, மூலவர் ஐயனார் சாந்தமாக உட்கார்ந்திருப்பார், ஊரே பயப்படுவது வாசலில் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமிக்கு.

இலக்கியத்துக்குள் போனால் நாள் பத்தாது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிலப்பதிகாரத்தில் 'ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும்' என்று ஓர் அடி வரும், பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். அந்த எண்பேராயம், அதாவது அரசனைச் சூழ்ந்த எட்டுக் கூட்டம், யார் யார்? பழைய உரையில் இதற்கு இரண்டு பட்டியல் கிடைக்கிறது. ஒன்றில் கரணத்தியலவர், கருமகாரர், கனகச்சுற்றம், கடைகாப்பாளர், நகரமாந்தர், நளிபடைத்தலைவர், யானைவீரர், இவுளிமறவர் என்று கணக்கரில் தொடங்கிக் குதிரைப்படை வரைக்கும் வரும். இன்னொன்றில் சாந்து, பூ, கச்சு, ஆடை, பாக்கு, இலை, கஞ்சுகம், நெய் என்று இவற்றைக் கவனிக்கிற எட்டுப் பேர். வெற்றிலை எடுத்துக் கொடுக்கிறவரும் யானைப்படை வீரரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். குழப்பம் அன்றைக்கே இருந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரைக்காரர்கள் என்ன செய்தார்கள் கவனியுங்கள். "பொதுவான பொருள்" என்று விட்டுவிடவில்லை. சொல்லைப் பிரித்து, உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் அவரவர் வேலையை வைத்துப் பெயர் சொன்னார்கள். கடைகாப்பாளர் என்றால் வாசல் காப்பவர். கிட்டத்தட்ட என் அப்பா வேலைதான்.

இளங்கோவும் அப்படியே. வழக்குரை காதையில் கெட்ட கனவு கண்ட கோப்பெருந்தேவி அரசனைப் பார்க்க வருகிறாள். சுற்றி வருகிற ஏவல் பெண்களை ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவர் ஆடி ஏந்தினர், கலன் ஏந்தினர், பட்டேந்தினர், செப்பேந்தினர், கவரி ஏந்தினர், தூபம் ஏந்தினர் என்று கையில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அடுத்து பெரிய கலவரம் வரப்போகிற இடம், ஆனாலும் நின்று எழுதியிருக்கிறார். உங்கள் படத்தில் குடை ஏந்தினவர் ஒருவர்தான் ஐயா.

சொற்கள் இப்படித் தேய்வது எனக்குத் தெரியாமல் இல்லை. 'சேவகன்' என்றால் முன்பு வீரன். நரியைப் பரியாக்கிய கதையில் சிவனே குதிரைச் சேவகனாகத்தான் வருகிறார். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் வில்லை மாட்டிய அலுவலக ஏவலாள் 'வில்லைச் சேவகன்' ஆனார். டபேதார் என்பதே பாரசீகத்திலிருந்து வந்த படைப் பதவிப் பெயர், குதிரைப்படையில் ஏறக்குறைய ஹவில்தாருக்குச் சமம். குதிரை போய்விட்டது, உடுப்பும் பெயரும் ஆட்சியர் அறை வாசலில் நின்றுவிட்டன. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது: சோழர் கல்வெட்டில் 'பெண்டாட்டி' என்றால் அரண்மனைப் பணிப்பெண், இன்றைக்கு அவள் வீட்டுக்கு அதிகாரி. 'அடிப்பொடி' கதை எல்லாவற்றையும்விடக் கொடுமை. விப்பிர நாராயணர் தொண்டரடிப்பொடி என்று தாமே விரும்பிப் பெயர் வைத்துக்கொண்டு ஆழ்வார் ஆனார். அவ்வளவு பழசுக்கு ஏன் போகவேண்டும், காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசனைக் கம்பனடிப்பொடி என்று மதிப்போடு அழைத்தது தமிழ்நாடு. இன்று உங்கள் அரசியல் பத்தியில் அடிப்பொடி என்றால் காசுக்குக் கோஷம் போடுகிறவன். சொல் மாறுவது இயல்பு, அதற்கு நான் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் மாறுகிற சொல்லைத் தினமும் லட்சக்கணக்கானவர் வாயில் போடுகிறவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

அப்பாவின் வேலை என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வில்லையைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்ப்பார், அப்புறம் பிராசோ போட்டுப் பழைய பனியன் துணியால் துடைப்பார். உடுப்புக்குச் சொட்டுநீலம் போட்டு அம்மா காயப்போட்டிருப்பார், தோள் மடிப்பு கத்தி மாதிரி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அவரே இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வார். ஏனென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் மனுவோடு வருவார்கள். வரிசையில் முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த பாட்டி மயங்கி விழுந்தால் தாங்குவது அவர், ஆட்சியர் காலில் விழப்போகிறவரை "எந்திரிங்க, உட்கார்ந்து சொல்லுங்க" என்று தூக்குவது அவர், எழுதத் தெரியாமல் வெறுங்கையோடு நிற்கிறவரை மனு எழுதித் தருகிற ஆளிடம் கூட்டிப்போவதும் அவர்தான்.

இன்னொன்றும் பார்ப்பார். வருகிறவர்களின் கை, பை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பமே சிறு குழந்தைகளோடு தீக்குளித்த கொடுமை உங்கள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க ஆட்சியர் அலுவலக வாசல்களில் போலீஸ் பையைச் சோதித்துத்தான் விடுகிறது. ஆனாலும் வாசலைத் தாண்டி வந்த பிறகு ஒருவர் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பது வாசலில் நிற்கிற டபேதார்தான். ஒருமுறை தண்ணீர்ப் பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் போய், "அண்ணே, தாகமா இருக்கு, அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடுங்க" என்று அப்பா கேட்டிருக்கிறார். அந்த ஆள் கொடுக்காமல் அழ ஆரம்பித்தார். அது தண்ணீர் இல்லை. அன்றைக்கு அந்த மனு வரிசைப்படி காத்திருக்காமல் நேராக ஆட்சியரிடம் போனது. இது எந்தச் செய்தியிலும் வரவில்லை, வரவேண்டும் என்று அப்பாவும் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஆளைத்தான் அல்லக்கை என்று எழுதினீர்கள்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினபோது அவர் கோபப்படவில்லை. முதலில் ஆட்சியர் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதைத்தான் சொன்னார். அப்புறம், "பேரு போட வேண்டாம்மா. உத்தியோகம் என்னன்னாவது போட்டிருக்கலாம்ல?" என்றார். அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், அந்த வட்டம் போட்ட படம் சம்பந்தி வீட்டுக் குழுவுக்கும் போய்விட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் பையன் ஒருவன் அப்பாவிடம் "அமைச்சர் உங்களுக்கு ரொம்ப நெருக்கமா அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அமைச்சர் என்று ஒருவரிடம் அப்பா தனியாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எட்டடி தூரத்தில் நிற்பது வேலை, அவ்வளவுதான்.

அந்தத் தூரத்துக்கும் வள்ளுவர் ஒரு குறள் வைத்திருக்கிறார். மன்னரைச் சேர்ந்து ஒழுகுகிறவர்கள் குளிர் காய்கிறவர்களைப் போல, ரொம்ப விலகவும் கூடாது ரொம்ப நெருங்கவும் கூடாது என்கிறார். அகலாது அணுகாது. வேலை பார்க்கிறவருக்கும் ஒட்டிக்கொள்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. உங்கள் புகைப்படங்களிலேயே அது தெரியும். அளவு பார்த்து நிற்கிறவர் ஒரு பக்கம், தலைவரின் காதுக்குள் போய்விடுகிறவர் இன்னொரு பக்கம். இன்னொரு குறளில், அறிவுரையை ஏற்காத மன்னனுக்கும் உறுதியானதை எடுத்துச் சொல்வது 'உழையிருந்தான்' கடமை என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் என்ற சொல்லுக்குள் அன்றைக்குப் பொறுப்பு இருந்தது.

"அப்படியென்றால் கிண்டலே பண்ணக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பண்ணுங்கள், தாராளமாகப் பண்ணுங்கள். ஜால்ரா, காக்கா, சொம்பு தூக்கி, கூஜா தூக்கி, கைத்தடி, அல்லக்கை என்று இந்த வகையில் தமிழுக்கு இருக்கிற வளம் கொஞ்சநஞ்சமில்லை, எல்லாம் எனக்குப் பிடித்த சொற்கள். அதிகாரத்தின் காலடியில் விழுந்து காரியம் சாதிக்கிறவனைச் சொல்ல மொழியில் காரமான சொல் வேண்டும். அதை மெழுகி 'ஆதரவாளர்' என்று எழுதுவதுதான் எனக்கு எரிச்சல். சொல்லப்போனால் நீங்கள் செய்வது அதுதான்: காரியம் சாதிக்கிற ஆள் செல்வாக்குள்ளவராக இருந்தால் 'முக்கியப் பிரமுகர்', 'கட்சி நிர்வாகி', 'தொழிலதிபர்' என்று பவ்யமாக எழுதுகிறீர்கள். அல்லக்கை என்ற சொல் கடைசியில் விழுவது வழக்குப் போடமாட்டார், விளம்பரம் நிறுத்தமாட்டார், எதிர்த்துப் பேசினால் வேலை போகும் என்று பயப்படுகிற ஆள் தலையில்.

உங்களால் சொல்லை மாற்ற முடியாது என்றும் சொல்லாதீர்கள். துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கவேண்டும் என்று 2020-இல் அரசு சொன்னதும் எல்லாப் பத்திரிகையும் மாறியது. மாற்றுத்திறனாளி, திருநங்கை என்ற சொற்களுக்கு முன்னால் நீங்கள் என்ன எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று உங்கள் பழைய இதழ்களைப் புரட்டினால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். தலையாரி கிராம உதவியாளர் ஆனார், பியூன் அலுவலக உதவியாளர் ஆனார். பெயர் மாறினால் சம்பளம் கூடிவிடாது, எனக்கும் தெரியும். பெயராவது ஒழுங்காக இருக்கட்டும் என்கிறேன்.

ஆர்டர்லி விவகாரத்தையும் இங்கே சொல்லவேண்டும். காவல்துறையில் அந்த முறையை 1979-இலேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள், ஆனாலும் உயர் அதிகாரிகளின் வீட்டில் காவலர்கள் துணி துவைத்துக்கொண்டும் நாய் மேய்த்துக்கொண்டும் இருந்தார்கள், 2022-இல் உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகுதான் கொஞ்சம் அசைந்தது. அந்த விஷயம் ஏன் வெளிச்சத்துக்கு வந்தது? சீருடைக் காவலரை வைத்து வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்று ஆளையும் வேலையையும் பிரித்துச் சொன்னதால்தான். "அதிகாரியின் பரிவாரம்" என்று சொல்லியிருந்தால் அது ஏதோ அந்தஸ்து மாதிரி தெரிந்திருக்கும், யாருக்கும் உறைத்திருக்காது. எந்த ஊழியர் எந்த வேலைக்கு எடுக்கப்பட்டு என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதினால் அவருக்கும் பாதுகாப்பு, மக்கள் பணத்துக்கும் பாதுகாப்பு. ஒருவேளை நாளைக்கே என் அப்பாவை யாராவது ஓர் அதிகாரி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க அனுப்பினால், அதையும் நீங்கள் எழுதத்தான் வேண்டும். எடுபிடி என்று அவரை எழுதாமல், எடுபிடி வேலை வாங்கியவரை எழுதுங்கள்.

படக்குறிப்பில் இடமில்லை என்று சொல்வீர்கள். "அல்லக்கைகள் புடைசூழ" என்று எழுத இடம் இருந்தது. "ஆட்சியர், அலுவலர்கள், கட்சியினருடன்" என்று எழுத அதைவிட எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

இனி நான் கேட்பவை.

அந்தப் படக்குறிப்பை இணையப் பதிப்பில் இன்னும் மாற்றவில்லை. மாற்றுங்கள். படத்தை எடுக்கவேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வெள்ளை உடுப்பில் இருப்பவர் ஆட்சியர் அலுவலக டபேதார் என்று எழுதினால் போதும். தொலைக்காட்சி நிறுவனமும் தன் தளத்தில் கிடக்கும் அந்தக் காணொளியின் தலைப்பைத் திருத்தவேண்டும்.

பணியில் இருக்கும் அரசு ஊழியர், ஓட்டுநர், பாதுகாப்புக் காவலர், சமையலர், உதவியாளர் யாரையும் அல்லக்கை, எடுபிடி, கைத்தடி என்று எழுதுவதில்லை என உங்கள் எழுத்து நடைக் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். கையேடு இல்லாத அலுவலகமாக இருந்தால், செய்தி மேசைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அமைச்சரோ அதிகாரியோ யாரோடு வந்தார்கள் என்பது செய்தியாக இருந்தால் பரிவாரம் என்று முடிக்காதீர்கள். எத்தனை வண்டி, அதில் அரசு வண்டி எத்தனை, யார் யார் எந்த உரிமையில் வந்தார்கள் என்று எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் இருந்தால் ஒப்பந்தக்காரர் என்று, மைத்துனர் இருந்தால் மைத்துனர் என்று. நிருபர்களுக்கு இது கூடுதல் வேலைதான், ஆனால் மாவட்ட நிருபர்களுக்கு அந்த வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொருவரும் யார் என்று ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை எழுத அவர்களை விடுங்கள்.

பரிவாரம் என்ற சொல்லைக் கோயில் செய்தியில் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வரலாற்றுக் கட்டுரையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

இன்னொன்று, வாசகர் ஒருவர் தன் வீட்டு ஆளைப் பற்றி இப்படி எழுதிக் கேட்டால், பொதுவான பொருள் என்று பதில் போடாமல் படத்தை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுதவேண்டாம். அப்பா காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் பேப்பர் படிக்கிறவர், வாசகர் கடிதப் பகுதியில் போட்டால் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
டபேதார் ஒருவரின் மூத்த மகள்